எந்தப் பள்ளிக்கூடம்?

கதை எழுதுகிறவனிடம் வாழ்க்கைக்கு யோசனை கேட்க வருகிறவர்கள் உண்டு. முந்நூறு பக்கத்துக்குள் பத்துப் பேருடைய தலைவிதியைத் தீர்மானிக்கிறவனுக்குத் தங்கள் ஒருவருடைய விதியைத் தீர்மானிப்பதா பெரிது என்று அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள் போலிருக்கிறது. நாவலில் தறிகெட்டுப் போகிற பாத்திரத்தை அடுத்த அத்தியாயத்தில் இழுத்துப் பிடித்துவிடலாம். பிடிபடவில்லையென்றால் தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம். வெளியே அந்த வசதி கிடையாது என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்?

சென்ற தை மாதம் என் அக்காள் மகன் வந்தான். வயது முப்பத்து நான்கு. மெக்கானிக்கல் படித்தவன். மனைவி, ஒரு பெண் குழந்தை. திருவெறும்பூரில் பாய்லர் தொழிற்சாலை வந்த பிறகு, அதற்கு உதிரி பாகங்கள் செய்து கொடுக்கும் பட்டறைகள் சுற்றுவட்டாரத்தில் பெருகின. அப்படிப் பெருகிய இடங்களில் ஒன்று, நம் புதுக்கோட்டை மாவட்டத்து எல்லையில் இருக்கிற மாத்தூர். அங்கே ஒரு பட்டறையில் அவனுக்குப் பதினோரு வருஷ உத்தியோகம். காகிதப் பை ஒன்றை என் மேஜைமேல் வைத்தான். அதற்குள் ஐந்து பள்ளிக்கூடங்களின் விவரங்கள். ஐந்தும் கடல் கடந்தவை.

"வேலையை விடப் போறேன் மாமா. இண்டஸ்ட்ரியல் டிசைன் படிக்கணும். இந்த அஞ்சிலே எதுன்னு நீங்க சொல்லுங்க."

எனக்குக் கல்லூரிப் படிப்பே பாதியில் நின்றது. கடல் கடந்த பள்ளிக்கூடங்களைப் பற்றி நான் என்ன சொல்ல முடியும்? ஆனால் யோசனை கேட்கிறவர்கள் பெரும்பாலும் கேட்பது யோசனையை அல்ல. தாங்கள் பேசுவதை ஒருவர் இடைமறிக்காமல் கேட்க வேண்டும் என்பதுதான். எனவே, "ஏன் மாப்பிள்ளை?" என்று மட்டும் கேட்டேன்.

அவன் ஒரு நெம்புகோலின் கதையைச் சொன்னான். தகடு வளைக்கும் யந்திரம் ஒன்று. அதன் கைப்பிடியை ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை கீழே இழுக்க வேண்டும். அதில் நிற்கிற ஆள் குட்டையானவர். எம்பி எம்பி இழுப்பார். உள்ளங்கை கொப்புளித்து, கொப்புளம் உடைந்து, துணி சுற்றிக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தார். என் மருமகன் ஒரு வாரம் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய குழாய் ஒன்றை வளைத்து, பிடியை ஒரு சாண் கீழே இறக்கிப் பற்றவைத்து, கை படும் இடத்தில் ரப்பரும் சுற்றிவிட்டான். கொப்புளம் ஆறிற்று. பத்தாவது நாள் மேலாளர் வந்து பார்த்தார். "டிராயிங்கிலே இல்லாததை ஏன் செய்தாய்?" என்று கேட்டார். குழாயை அறுத்து எடுக்கச் சொன்னார். இவனே அறுத்து எடுத்தான்.

"படத்தைப் பார்த்துச் செய்யறதுக்கு நான் இருக்கேன் மாமா. அந்தப் படத்தை ஆளைப் பார்த்துப் போடறது யாரு? அந்த இடத்துக்குப் போகணும்."

இண்டஸ்ட்ரியல் டிசைன் என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாக ஒரு பாடப் புத்தகம் சொல்லிவிடும் என்று நான் நினைக்கவில்லை. ஆலையில் ஆயிரக்கணக்கில் செய்யப்படுகிற பொருள் ஒவ்வொன்றும், மிக்ஸியோ, நாற்காலியோ, ஆஸ்பத்திரிக் கட்டிலோ, இன்ன வடிவத்தில், இன்ன உயரத்தில், இன்ன கைக்கு ஏற்றபடி இருக்க வேண்டும் என்று முன்கூட்டி யோசிக்கிற தொழில் அது. தொழில் வடிவமைப்பு என்று தமிழ்ப்படுத்துகிறார்கள். மனித குலம் செய்துவந்த பழைய காரியம்தான். பட்டம் கொடுத்துச் சொல்லித்தரத் தொடங்கியது அண்மையில். அமெரிக்காவில் இதற்கான முதல் பட்டப்படிப்பு பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னகி கலாசாலையில் 1934இல் தொடங்கிற்று.

ஐந்து பள்ளிகளையும் அவன் வரிசை எண் போட்டு அடுக்கி வைத்திருந்தான். உலகத்துப் பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் ஆண்டுதோறும் எண் போடுகிற ஸ்தாபனங்கள் இருக்கின்றனவாமே, அவர்கள் போட்ட எண். எனக்கு அந்த எண்ணின் மேல் நம்பிக்கை வரவில்லை. வாரப் பத்திரிகைகள் சிறந்த பத்து நாவல் என்று பட்டியல் போடும் விதத்தை நான் கொஞ்சம் அருகிலிருந்து அறிந்தவன். அது காரணமாக இருக்கலாம். பட்டியலைத் திருப்பி வைத்துவிட்டு, ஒவ்வொன்றும் எப்படிப்பட்ட இடம் என்று சொல்லச் சொன்னேன். இரவு பத்து மணி வரை சொன்னான்.

ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். வடிவமைப்பு அங்கே பொறியியலோடு கைகோத்து நடக்கிறது. கணக்கும் அளவும் தெரிந்த இவனுக்கு மொழி புரியும் இடம். லண்டனில் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டும் இம்பீரியல் கல்லூரியும் சேர்ந்து ஒரு படிப்பை 1980இல் தொடங்கி நடத்திவருகின்றன. ஒரு பக்கம் கலைப் பள்ளி, மறுபக்கம் பொறியியல் பள்ளி, மாணவன் இரண்டுக்கும் பிள்ளை. ஸ்வீடன் தேசத்தின் வடக்கே ஊமியோ என்ற ஊரில் 1989இல் திறந்த பள்ளி மிகச் சிறியது. ஒரு வகுப்பில் விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்கள், எந்நேரமும் பட்டறை. டிசம்பர் மாதத்தில் அங்கே பகல் ஐந்து மணி நேரம்கூட இல்லையாம். கந்தர்வகோட்டை வெயிலில் வளர்ந்தவன் அந்த இருட்டில் என்ன ஆவான் என்ற கவலை அப்போதே என்னைப் பிடித்துக்கொண்டது.

மிலானைப் பற்றிச் சொன்னபோது மட்டும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த நகரத்துக் கலாசாலையில் ஆசிரியராக இருந்த அகீலெ கஸ்திலியோனி என்பவரும் அவர் தம்பி அல்லது அண்ணன் யாரோ ஒருவரும் (உறவுமுறையில் எனக்கு எப்போதும் குழப்பம்) 1957இல் ஒரு முக்காலி செய்தார்கள். டிராக்டரின் இரும்பு இருக்கையை அப்படியே கழற்றி, ஒரு வளைந்த பட்டைமேல் பொருத்திவிட்டார்கள். அவ்வளவுதான். இன்று அது உலகத்துக் கண்காட்சிச் சாலைகளில் இருக்கிறது. ஆலங்குடிச் சந்தைப்பேட்டையில் டிராக்டர் இருக்கையைப் பார்க்காதவர் யார்? பார்த்ததைப் பார்த்தபடி எடுத்து வேறிடத்தில் வைக்க ஒரு கண் வேண்டியிருக்கிறது.

ஐந்தாவது ஜெர்மனி. அங்கே அரசுக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் சம்பளம் கிடையாது என்று கேட்டு என் அக்காள் முகம் மலர்ந்தது. ஆனால் சம்பளம் இல்லை என்பதற்குச் செலவு இல்லை என்று பொருள் அல்ல. விசா வேண்டுமானால் ஓர் ஆண்டுச் சாப்பாட்டுக்கான பணத்தை அங்கே ஒரு கணக்கில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகையை 11,904 யூரோ என்று உயர்த்தினார்கள். நம் பணத்தில் 11 லட்சத்துக்குக் குறையாது. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. இவற்றுக்கெல்லாம் மேலே, பாடம் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்.

அந்த மாநிலத்தில் உல்ம் என்று ஓர் ஊர். பைக்குள் இல்லாத அந்த ஊரைப் பற்றித்தான் நான் பிற்பாடு அதிகம் படித்தேன். இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1953இல் அங்கே ஒரு வடிவமைப்புப் பள்ளி தொடங்கினார்கள். வானொலிப் பெட்டி முதல் கோப்பை தட்டு வரை, அலங்காரத்தை உதறிவிட்டுப் பயனை யோசித்த இடம். பம்பாயில் ஜே. ஜே. கலைப் பள்ளியில் விளம்பரக் கலை படித்த சுதாகர் நாட்கர்ணி என்ற இளைஞர் 1962இல் அங்கே போய்ச் சேர்ந்தார். அவரும் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குத் தாவியவர்தாம். நாலு ஆண்டு படித்தார். இறுதி வேலையாக அவர் எடுத்துக்கொண்டது என்ன தெரியுமா? பம்பாயில் பால் விற்கிற சிறு சாவடிக்கு ஒரு வடிவம். ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு பம்பாய்ப் பால் சாவடியை யோசித்திருக்கிறார்!

அவர் படித்து முடித்த இரண்டே ஆண்டில், 1968இல், உல்ம் பள்ளி மூடப்பட்டுவிட்டது. பணத் தகராறு, கொள்கைத் தகராறு எல்லாம் சேர்ந்து. கையில் இருக்கிற சான்றிதழைக் கொடுத்த பள்ளிக்கூடமே இல்லை. தரவரிசை எண்ணை நம்பிப் போனவராக இருந்தால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரோ, 1969இல் பம்பாய் ஐ.ஐ.டி.யில் தொழில் வடிவமைப்பு மையம் உருவாக முன்னின்றார். அங்கே படித்தவர்கள் இன்று நாடெங்கும் இருக்கிறார்கள்.

இதைச் சொன்னபோது என் மருமகன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

இங்கேயே படித்தால் என்ன என்ற கேள்வியையும் நான் விடவில்லை. 1958இல் இந்திய அரசு அழைத்து, சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதி நம் நாட்டைச் சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை எழுதினார்கள். நாற்காலி செய்வதில் உலகப் புகழ் பெற்றவர்கள். இங்கே கண்ட பொருள்களில் அவர்கள் மிகவும் வியந்து எழுதியது நம் சொம்பைப் பற்றி. எவ்வளவு தண்ணீர் கொள்ள வேண்டும், இடுப்பில் எப்படி உட்கார வேண்டும், ஊற்றும்போது கழுத்து எப்படி வழிவிட வேண்டும், கழுவ எளிதா, விலை என்ன என்று அடுக்கிக்கொண்டே போய், இதை ஒரு மனிதன் வடிவமைக்கவில்லை, தலைமுறைகள் வடிவமைத்தன என்ற முடிவுக்கு வருகிறார்கள். அந்த அறிக்கையின் விளைவாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது. சென்னையில் பொம்மைத் தொழிற்சாலை வைத்திருந்த ஒருவரின் மகன் எம். பி. ரஞ்சன் அங்கே 1969இல் மாணவராகப் போய், அங்கேயே ஆசிரியராகி, வடகிழக்கு மாநிலங்களின் மூங்கில் வேலையைப் பற்றி 1986இல் பெரிய நூல் ஒன்று கொண்டுவந்தார். 2015இல் காலமானார். அவருக்குக் கடல் தாண்ட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"சீட் பரீட்சைக்கு வயசு வரம்பு இல்லே மாமா. அதுவும் எழுதத்தான் போறேன்" என்றான் அவன். சீட் என்பது ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் வடிவமைப்பு மேற்படிப்புக்கு எழுதுகிற நுழைவுத் தேர்வு. "ஆனா ஒரு தடவையாவது, நான் யாருன்னே தெரியாத ஊருக்குப் போய், ஒரு கதவோட கைப்பிடி எங்கே இருக்குன்னு தேடிப் பார்க்கணும். இங்கே எல்லாம் பழகிப் போச்சு. பழகின கண்ணுக்கு ஒண்ணும் தெரியறதில்லே."

இந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. நல்ல பதில். ஆனாலும் பழகின கண்ணைப் பற்றி எனக்கு வேறோர் அபிப்பிராயம் உண்டு; அதற்குச் சாட்சி அவனேதான்.

1991இல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் சொல்லித்தர வேண்டும் என்று முனைந்தார். கல் குவாரியில் வேலை செய்கிறவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், விவசாயக் கூலிகள் என்று லட்சத்துக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். என் அக்காள் எட்டாவது வரை படித்தவள். தொண்டராகச் சேர்ந்து பாடம் சொல்லிக்கொடுத்தாள். அவள் சைக்கிள் பழகியது நிலா வெளிச்சத்தில், களத்துமேட்டில். பதின்மூன்று வயதுப் பையனான நான் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். தெருவில் பேசாத பேச்செல்லாம் பேசினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெண்கள் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோயிற்று. ஆண்கள் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒரு விசித்திரம் நடந்தது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1996இல் வெளிவந்த தம் நூலில் இதைக் குறித்திருக்கிறார்: பெண்கள் சைக்கிள் கிடைத்தாலும் வேண்டாம், ஆண்கள் சைக்கிளே மேல் என்றார்கள் சிலர். ஏன்? இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஓடுகிற அந்தப் பார் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம்.

பெண்கள் சைக்கிளை முதன்முதலில் வரைந்தவரை நினைத்துப் பாருங்கள். ஆடை தடுக்குமே என்று இரக்கப்பட்டு அந்தக் கம்பியை எடுத்தார். அவர் கண்ணுக்கு அது தடை. என் அக்காள் கண்ணுக்கு அது ஆசனம். அத்தானுடைய பழைய ஹெர்குலஸின் பாரில் துண்டைச் சுற்றி, அதன்மேல் இரண்டு வயதுப் பிள்ளையை உட்கார வைத்து, அறிவொளி வகுப்புக்குப் போவாள். அந்தப் பிள்ளைதான் இப்போது காகிதப் பையோடு என் எதிரில் உட்கார்ந்திருந்தான். துண்டு நழுவி, கம்பி தொடையில் அழுந்துவது இன்னும் நினைவிருக்கிறது என்கிறான். இரண்டு வயது நினைவு இருக்குமா என்று எனக்குச் சந்தேகந்தான். அம்மா சொல்லிச் சொல்லி நினைவாகியிருக்கும்.

நான் அவனுக்குச் சொன்னது இவ்வளவுதான். ஐந்து பள்ளிக்கும் கடிதம் எழுது. சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதாதே. அங்கே சென்ற மூன்று ஆண்டுகளில் படித்து முடித்தவர்களைத் தேடிப் பிடித்து எழுது. முதல் பருவத்தில் உங்களை என்ன செய்யச் சொன்னார்கள் என்று கேள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்களா, ஓர் ஆளைப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினார்களா? கம்பியை எடுத்தவரும் அதில் பிள்ளையை உட்கார வைத்தவளும் ஒரே வகுப்பில் உட்கார இடம் இருக்கிறதா? பட்டறை ராத்திரி எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள்? உன் பதினோரு வருஷத்தை என்ன செய்வார்கள், மறந்துவிட்டு வா என்பார்களா, எடுத்துக்கொண்டு வா என்பார்களா? அமெரிக்காவில் சில பள்ளிகள் வேறு துறையிலிருந்து வருகிறவர்களுக்குக் கூடுதல் பருவங்கள் வைத்து அடிப்படையிலிருந்து சொல்லித்தருகின்றன. அது இருபத்து மூன்று வயதுக்காரனுக்கு வரம். முப்பத்து நான்கில், வீட்டில் குழந்தையை விட்டுவிட்டுப் போகிறவனுக்கு அந்தக் கூடுதல் பருவம் ஒவ்வொன்றும் என்ன விலை என்று அவன் மனைவியைக் கேட்டால் சொல்லுவாள்.

கேட்டோம். அவள் அதுவரை அடுப்படியில்தான் இருந்தாள். "ரெண்டு வருஷத்துக்கு மேலே போகக்கூடாது பெரியவங்களே. பாப்பா ஒண்ணாம் வகுப்புச் சேரும்போது அவர் இருக்கணும்" என்றாள். ஐந்து பள்ளிகளைப் பற்றி அன்று பேசியவர்களில் நிபந்தனையைத் தெளிவாகச் சொன்னவள் அவள்தான்.

பணத்தின் கதை வேறு. அக்காளுக்கு ஒரு தென்னந்தோப்பு இருந்தது. 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் பாதிக்குமேல் சாய்த்துவிட்டது. மீதி மரமும் நிலமும் இருக்கின்றன. அதை ஈடு வைத்துக் கடன் வாங்கலாம் என்று வங்கிக்குப் போனார்கள். படிப்புக் கடன் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் ஈடு கேட்கிறார்கள். ஆனால் விளைநிலத்தை ஈடாக ஏற்பதற்குத் தயங்குகிறார்கள். கடன் நின்றுபோனால் சொத்தைக் கைப்பற்ற வங்கிகளுக்கு உதவுகிற 2002ஆம் ஆண்டுச் சட்டம் விளைநிலத்தைத் தொடாது. விவசாயியைக் காப்பாற்ற வைத்த வேலி அது. அந்த வேலிக்கு உள்ளே இருக்கிறவனுக்கு வெளியே போக வழியும் அடைபட்டுப் போகிறது. "வீட்டுப் பத்திரம் கொண்டு வாங்க" என்றார் மேலாளர், மரியாதையாகத்தான்.

வீடு அக்காள் பேரில் இருக்கிறது. அத்தான் போன பிறகு அவளுக்கு இருக்கிற ஒரே நிழல். அவள் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"தம்பி, அவன் போய்ப் படிச்சுட்டு வந்தா வேலை கிடைக்குமா?"

"தெரியாது அக்கா."

"கிடைக்காமலும் போகலாமா?"

"போகலாம்."

அவளிடம் பொய் சொல்ல எனக்கு வராது. வடிவமைப்பாளர்களை வேலைக்கு வைக்கிற ஆலைகள் புனேயிலும் பெங்களூரிலும் சென்னையிலும் உண்டு; ஆனால் இவன் திரும்பி வரும்போது முப்பத்து ஏழு. இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நின்று தன் படங்களைக் காட்ட வேண்டும். வெளிநாட்டிலேயே இருந்து கடனை அடைத்துவிட்டு வரலாம் என்றால், படித்தபின் தங்க அனுமதிக்கிற விதிகள் தேசத்துக்குத் தேசம் வேறு. அவற்றை மாற்றுவதும் அவர்கள் கையில். அக்காள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பத்திரத்தைத் தருகிறேன் என்றும் சொல்லவில்லை, தரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

பங்குனி கடைசியில் அவன் மறுபடி வந்தான். ஐந்து, இரண்டாகியிருந்தது. லண்டன் விலையில் போயிற்று. ஜெர்மனி மொழியில் போயிற்று. மிலானில் படித்த ஒருவர் நீளமாகப் பதில் எழுதி, வகுப்புப் பெரியது, பட்டறைக்கு முறை வைத்துக் காத்திருக்க வேண்டும் என்றாராம். எனக்குத்தான் அந்த டிராக்டர் இருக்கைக்காக வருத்தமாக இருந்தது. டெல்ஃப்டும் ஊமியோவும் மிச்சம். இரண்டும் இரண்டு வருஷப் படிப்பு. இந்தப் பக்கம் சீட் பரீட்சை.

பள்ளி எதுவானாலும், செய்த வேலைகளைத் தொகுத்து ஒரு ஏடாக அனுப்ப வேண்டும். போர்ட்ஃபோலியோ என்கிறார்கள். முதலில் அவன் பாய்லர் பாகங்களின் படங்களை அடுக்கி வைத்திருந்தான். இப்போது அவற்றை எடுத்துவிட்டான். முதல் பக்கத்தில் அறுத்து எடுத்த அந்த நெம்புகோல் பிடி, ஞாபகத்திலிருந்து வரைந்தது. அடுத்து, சைக்கிள் கேரியரின் இருபுறமும் பிளாஸ்டிக் குடம் தொங்கவிட நம் ஊர்ப் பட்டறைக்காரர்கள் வளைத்துத் தருகிற கம்பிக் கொக்கி. கீரமங்கலம் பூச்சந்தையில் பூ மூட்டை நசுங்காமல் பஸ் கூரைக்கு ஏறுகிற விதம். கோடு கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கிறது. பொறியியல் படம் போட்டுப் பழகிய கை. ஆனால் குடத்தைத் தூக்குகிற பெண்ணின் தோள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. அதைப் பார்த்திருக்கிறான்.

ஏட்டை அக்காள் வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். பின் உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். பத்திரத்தை எடுத்து வந்து, அவனிடம் கொடுக்காமல், என்னிடம் கொடுத்தாள். "வக்கீலிடம் காட்டிப் படிச்சுப் பார்க்கச் சொல்லு தம்பி. கையெழுத்து அப்புறம்" என்றாள்.

இதை எழுதும்போது பத்திரம் வக்கீலிடம் இருக்கிறது. ஊமியோவிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. ஏதோ ஒரு பொருளைக் கொடுத்து, அதை ஒரு வாரத்தில் மாற்றி யோசித்து அனுப்பச் சொல்கிறார்களாம். அவன் லீவு போட்டுவிட்டு அக்காள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான்.